இன்னொரு செண்பகவடிவின் சோறு

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், மெஷினுக்குள் நடக்கிறதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்கலாம். அமலன் சார் சொன்னால் ஒழுங்காகச் சொல்வார், ஆனால் அவர் மெஷினைப் பற்றி மட்டும்தான் சொல்வார், வாயைப் பற்றிச் சொல்லமாட்டார். என் பக்கத்து நாற்காலி முப்பிடாதி வாயைப் பற்றியும் சொல்வாள், ஆனால் அவள் எதையும் சிரிப்பாக ஆக்கிவிடுவாள், இது சிரிக்கிற விஷயம் இல்லை. அதனால் நானே சொல்கிறேன், இடையில் எனக்குக் குமட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புளியங்குடியில் வெள்ளைத்துரை அண்ணாச்சியின் எலுமிச்சை மண்டி இருக்கிறது, அதற்கு மேல் மாடியில் அவரே கம்ப்யூட்டர் கம்பெனியும் வைத்திருந்தார், கீழே என் வீட்டுக்காரர் மூட்டை தூக்கினார், மேலே நான் ஒப்புப் பார்த்தேன், இரண்டு பேரும் அண்ணாச்சியின் லைன் வீட்டில் மூன்றாம் நம்பரில் குடியிருந்தோம், ஆக எங்களுடைய சோறும் கூரையும் அவர் கையில் இருந்தது. வருஷம் முழுக்க அழுகல் எலுமிச்சை வாடை படியேறி வந்து நாங்கள் குடிக்கிற தண்ணீர் வரைக்கும் இறங்கும்.

ஒப்புப் பார்ப்பது என்றால் இதுதான். ஊரில் வார்டு பட்டியல் ஒன்று இருந்தது, அதில் பேரெல்லாம் இங்கிலீஷ் பெரிய எழுத்தில் இருக்கும். மருந்துக்கடைகளின் பட்டியல் ஒன்று இருந்தது, அதில் அதே பேர்கள் சின்ன எழுத்தில் இருக்கும். நமக்கு ஆள் ஒன்றுதான், மெஷினுக்கு அது இரண்டு ஆள். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் அதற்கு உப்பும் சர்க்கரையும் மாதிரி வேறு வேறு. அதிலும் ஒரு கம்பெனி மெஷின் இரண்டும் ஒன்று என்னும், இன்னொரு கம்பெனி மெஷின் இல்லை என்னும், மூன்றாவது ஒன்று பாதி எழுத்துவரை வந்து முழிக்கும், கடைசியில் சீக்காளி மருந்து கிடைக்காமல் திரும்பிப் போவான். எந்த வீட்டில் தூக்கி வைத்தாலும் ஒரே மாதிரி எரிகிற அடுப்பைப் போல, எந்த மெஷினில் வைத்தாலும் ஒரே பதிலைச் சொல்கிற ஒன்றைச் செய்வதற்காகத் தூத்துக்குடியிலிருந்து வந்தவர்தான் அமலன் சார். அவர் செய்தது, முதலில் எல்லா எழுத்தையும் சின்ன எழுத்தாக மாற்றிக்கொள்ளும், பிறகு ஒவ்வொரு எழுத்தாகப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும், கடைசியில் இரண்டு பேருக்கும் நடுவில் வித்தியாசம் எவ்வளவு என்று சொல்லும். வித்தியாசம் இல்லையென்றால் பூஜ்யம். பூஜ்யம் என்றால் நல்ல சேதி என்பது எனக்குப் பழக ஒரு மாதம் ஆயிற்று.

மெஷின் சொன்னது சரிதானா என்று பார்க்க ஆறு பெண்கள் இருந்தோம். மேலே ஒரு பேர், கீழே ஒரு பேர், நடுவில் மர ஸ்கேல். எழுத்தெழுத்தாக நகர்த்திப் பார்த்து, ஒத்திருந்தால் பூஜ்யம், வேறு வேறு என்றால் ஒன்று என்று ஓரத்தில் பேனாவால் போடவேண்டும். இருபத்தாறு பெரிசும் இருபத்தாறு சின்னதும் சுவரில் ஒட்டியிருந்தது, எங்களுக்கு அவை கோலம்தான், வாசிக்க வராது. அமலன் சாருக்கு அதுதான் வேண்டும். “படிச்சவங்க பாதி எழுத்தைப் பாத்துட்டு மீதியை மனசுல நிரப்பிருவாங்கக்கா, நீங்கதான் முழுசாப் பாப்பீங்க” என்பார். அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார்: மெஷின் ஒன்று சொல்லி, எங்கள் கண் இன்னொன்று சொன்னால், கண் சொல்வதுதான். அந்தப் பேரை விலக்குப் பட்டியல் என்று ஒன்றில் எழுதி உள்ளே வைத்துவிடுவார், அதற்குப் பிறகு மெஷின் அந்த இரண்டையும் சாகிறவரை ஒன்று என்று சொல்லாது.

ஐப்பசி மாதம் ஒரு திங்கள்கிழமை நாலாயிரம் வரியும் ஒத்துப்போயிற்று. அமலன் சார் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கித் தந்தார். மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, பத்திரம் எழுதி ஓய்ந்த ஆவுடையப்பன், கறி, மீன் வாடை பட்டாலே தெருவை மாற்றிப் போகிறவர், டீக்கடையில் காபியை ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

“இதுல யாருவே ஈரலைப் போட்டது?” என்றார்.

அதே நேரத்தில் கறிக்கடை ஆவுடையப்பன், கடைக்குள் உட்கார்ந்து ஈரல் வறுவல் தின்றுகொண்டிருந்தவன், வாய்க்குள் காபி வருகிறது என்று எழுந்து நின்றான். மத்தியானத்துக்குள் ஊருக்கே புரிந்துவிட்டது: எங்கள் தாளில் பூஜ்யம் விழுந்த பேர்களில், நிஜமாகவே ஒரே ஆளாக இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, பேர் மட்டும் ஒன்றாக இருந்து ஆள் இரண்டாக இருந்தவர்களுக்கு வாய் ஒன்றாகிவிட்டது, ஒருத்தர் தின்பது இன்னொருத்தர் நாக்கில் ருசித்தது, வயிறு மட்டும் அவரவர் வயிறு.

ஏன் இப்படி ஆனது என்று யாரும் ரொம்ப நாள் கேட்கவில்லை. குழாயில் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் என்று ஆனபோது எப்படிக் குடத்தை மாற்றி வைத்துக்கொண்டார்களோ அப்படி மாற்றி வைத்துக்கொண்டார்கள். அமலன் சார் இருநூறு ஜோடிப் பேர்களைத் தாளில் அடித்து மாடிப்படியில் ஒட்டினார், ஊர் வரிசையில் நின்று தன் வாய் யாரோடது என்று பார்த்துவிட்டுப் போயிற்று. வாய்ச்சம்பந்தி என்று ஒரு உறவே உண்டானது. கசாயம் குடிக்கிறவர்கள் விடிந்து ஆறு மணிக்குள் குடித்துவிடவேண்டும், வெற்றிலை போடுகிறவர்கள் ஆளனுப்பிச் சொல்லிவிட்டுப் போடவேண்டும், ஐயப்பனுக்கு மாலை போட்டால் இரண்டு பேரும் சேர்ந்து போடவேண்டும், கல்யாணப் பத்திரிகையில் வாய்ச்சம்பந்திக்குத் தனியாக ஒரு வரி என்றெல்லாம் முறை வந்தது. கறிக்கடைக்காரன் செவ்வாயும் வெள்ளியும் கவிச்சியை விட்டான், அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை பத்திரக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஈரலைப் பொறுத்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து அவர் கறிக்கடை வாசலில் குடையோடு நின்று, “நேத்து மிளகு கூடிப்போச்சு, பாத்துக்கோரும்” என்று சொன்னதை நானே கேட்டேன்.

முப்பிடாதியின் வாய் வடக்குத் தெருவில் ஒரு மூன்று வயசுப் பிள்ளையோடது. அந்தப் பிள்ளை சிலேட்டுக்குச்சி தின்னும், செங்கல் நக்கும்.

“செங்கலு நல்லாத்தாம்க்கா இருக்கு, முப்பது வருசமாத் தெரியாமப் போச்சு” என்று முப்பிடாதி சிரிப்பாள். அந்தப் பிள்ளைக்கு முறுக்குக் கடிக்கப் பல் போதாது என்று சாயங்காலம் சாயங்காலம் இவள் இரண்டு முறுக்குத் தின்பாள், அங்கே அது வெறும் வாயை மென்றுகொண்டு கிடக்குமாம்.

என் பேர் செண்பகவடிவு. அந்த ஒரு கோலம் மட்டும் எனக்கு அடையாளம் தெரியும். மாடிப்படித் தாளில் அதற்கு நேரே சின்ன எழுத்தில் இன்னொரு செண்பகவடிவு இருந்தது, பதினான்கு எழுத்தும் ஒத்துப்போய், பூஜ்யமும் என் கையால் போட்டது. ஆனால் என்னைத் தேடி யாரும் வரவில்லை. தினமும் பன்னிரண்டரை மணிக்கு ஒரு சோறு மட்டும் வந்தது.

அதை எப்படிச் சொல்வது. முதல் நாள் என் தூக்குச்சட்டியில் கத்திரிக்காய்க் குழம்பு இருந்தது, ஒரு கவளம் வைத்ததும் அதற்கடியிலிருந்து வேறொன்று ஏறி வந்தது: மூன்று நாள் சோறு, நூல் விட்டுப் புளித்தது, அதில் நாலைந்து தட்டுகளில் மிஞ்சின குழம்பும் பொரியலும் ஒன்றாகக் கொட்டியது, யாரோ ஏற்கெனவே மென்று துப்பின முருங்கைக்காய்ச் சக்கை நாக்கில் திரிதிரியாகப் புரண்டது, பூஞ்சை பிடித்த ஊறுகாயின் துணிவாடை, எல்லாவற்றுக்கும் மேலே கொஞ்சம் மோர், அந்த மோருக்குள் மாவாகப் பொடித்த ஏதோ மாத்திரையின் கசப்பு, தொண்டை வரைக்கும் பூசினாற்போல. நான் பின்பக்கம் ஓடி வாந்தி எடுத்தேன். வாந்தி எடுத்த வாயிலும் அந்தச் சோறு நிற்காமல் வந்துகொண்டே இருந்தது, ஏனென்றால் அங்கே அவள் நிறுத்தாமல் தின்றுகொண்டிருந்தாள்.

மூன்று வாரம் இப்படி. வாயில் கிராம்பை அடக்கிப் பார்த்தேன், வேப்பங்குச்சியை மென்று பார்த்தேன், சாப்பாட்டு நேரத்தை மாற்றிப் பார்த்தேன், பன்னிரண்டரைக்கு அது வெறும் வாயிலேயே வந்தது. “எந்த மூதேவியோ தெரியல, குப்பைத்தொட்டியில எடுத்துத் திங்கா” என்று நான் அவளைத் திட்டினேன். அவள் பல் விளக்கமாட்டாள், அவள் ஒரு பன்றி என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். என் எச்சிலே எனக்கு அருவருப்பாகி, அதை விழுங்காமல் துப்பித் துப்பி உதடு வெடித்துவிட்டது.

அப்புறம் ஒரு நாள் கையெழுத்து வாங்குவதற்காகத் தாள்களை அண்ணாச்சி வீட்டுக்கு எடுத்துப் போனேன். அண்ணாச்சி குளித்துக்கொண்டிருந்தார். அவர் சம்சாரம் ஞானசுந்தரி அக்கா பின்வாசலில் உட்கார்ந்து, நேற்றைய விருந்துத் தட்டுகளைக் கையால் வழித்து ஒரு அலுமினியச் சட்டியில் போட்டாள், மோரை ஊற்றினாள், முந்தானையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்துத் தூவினாள், விரலை விட்டுக் கலக்கினாள்.

“யாருக்குக்கா?” என்றேன்.

“நாய்க்கு” என்று சொல்லிவிட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துப் பக்கம் போனாள்.

அந்த வீட்டில் நாய் கிடையாது. நான் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன், பன்னிரண்டரை ஆக இரண்டு நிமிஷம் இருந்தது. அக்கா வெறுங்கையோடு திரும்பி வந்து உள்ளே போனதும் நான் துவைகல் பக்கமாகச் சுற்றிப் போனேன். தொழுவத்தை ஒட்டி ஒரு அறை, கம்பி போட்ட சின்ன ஜன்னல். உள்ளே ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள், என் வயசு இருக்கும், தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள், முகத்தின் சாடை அப்படியே அண்ணாச்சி. அவள் சட்டிக்குள் கையை விட்டு ஒரு கவளத்தை வாயில் வைத்தாள், என் வாயில் முருங்கைச் சக்கை புரண்டது.

அண்ணாச்சிக்கு ஒரு தங்கச்சி உண்டென்று ஊருக்கே தெரியும், செண்பகாதேவி அம்மனுக்கு நேர்ந்து பிறந்தவள், மனசு சரியில்லாமல் மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று சொல்லிக்கொள்வார்கள். அந்த அம்மன் பேரைத்தான் அவளுக்கும் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மெட்ராஸ் அந்தத் துவைகல்லுக்குப் பின்னால் இருந்தது.

குமட்டலை அடக்க என் மடியில் இருந்த கருப்பட்டி மிட்டாயில் ஒரு துண்டைப் பிட்டு அவசரமாக வாயில் போட்டேன். உள்ளே அவள் மெல்லுவதை நிறுத்தினாள். வாயில் இருந்த சோற்றை எடுத்துச் சட்டி ஓரத்தில் வைத்தாள், ஒழுங்காக, வீட்டில் பழக்கப்பட்டவள் வைக்கிற மாதிரி. கண்ணை மூடிக்கொண்டாள். நான் மென்று முடிக்கிற வரைக்கும் அப்படியே இருந்தாள், முடிந்ததும் கண்ணைத் திறந்து ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு வாயைத் திறந்து காட்டினாள். நான் இன்னொரு துண்டைப் போட்டுக்கொண்டேன்.

திரும்பி வந்து முப்பிடாதியிடம் மட்டும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு முதல் பயம்.

“எங்கிட்டச் சொல்லிட்டேல்லா. வேற யார்ட்டயும் சொல்லாதக்கா.”

“உனக்கு முன்னாலயே தெரியுமா?”

“படியில பேரு ஒட்டிக் கிடக்கு. ஊருல யாருக்குத் தெரியாது.”

இருநூறு ஜோடி வாய்க்கு நேரம் குறித்துக் கொடுத்த ஊர், ஈரலுக்கும் வெற்றிலைக்கும் பஞ்சாயத்து வைத்த ஊர், என் பேருக்கு நேரே விரலை வைத்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் படியிறங்கிப் போயிருக்கிறது. நான் பின்பக்கம் வாந்தி எடுத்தபோது வெள்ளைத் துண்டும் திருநீறுமாகப் பார்த்துக்கொண்டு நின்றவர்களை நினைத்தேன். அன்றைக்குப் புளித்த சோற்றைவிட அந்த முகங்களை நினைத்துத்தான் எனக்கு அதிகமாகக் குமட்டியது.

அதற்குப் பிறகு நான் தினமும் பன்னிரண்டரைக்கு நல்லதாக ஏதாவது தின்றேன். கருப்பட்டி மிட்டாய், நெய் விட்ட பருப்புச்சோறு, ஒரு நாள் மலைவாழைப்பழம். புளிப்பு வந்தது, கசப்பு வந்தது, ஆனால் நான் தின்னத் தொடங்கியதும் அந்தப் பக்கம் நின்றுவிடும், அவள் எனக்கு வழிவிடுகிற மாதிரி. ஒன்பது நாள் இப்படிப் போயிற்று. பத்தாம் நாள் அண்ணாச்சி மாடிக்கு வந்தார், எல்லோரையும் டீ குடிக்க அனுப்பினார், என்னை மட்டும் இருக்கச் சொன்னார். கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து உருட்டிக்கொண்டே பேசினார்.

“செண்பகம், சாப்பாடெல்லாம் எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு அண்ணாச்சி.”

“ருசி ஏதும் மாறி வருதோ? ஊருல எல்லாருக்கும் வருதுங்காக.”

“எனக்கு ஒண்ணும் வரலை அண்ணாச்சி.”

“அப்படியா. படியில உன் பேருக்கு நேரே பூஜ்யம் கிடக்கே. யாரு போட்டது?”

“நான்தான்.”

“வயசாவுதுல்லா, கண்ணு ஒரு பக்கம் பூ விழுந்திருக்கும்.” பழத்தை மோந்து பார்த்தார். “எங்க வீட்டுல ஒரு சீவன் பத்து நாளாத் தின்ன மாட்டேங்கு. சட்டியை வச்சா வாயை மூடிக்கிட்டுச் சிரிக்காம். மாத்திரை உள்ள போகலைன்னா கத்தும், கத்துனா தெருவுக்குக் கேக்கும். உன் வீட்டுக்காரனுக்கு இடுப்பு வலி தேவலையா?”

“தேவலை அண்ணாச்சி.”

“மூணாம் நம்பர் வீடு ஒழுகுதா?”

“ஒழுகலை.”

“ஒழுகுனாச் சொல்லு. ஓட்டைப் பிரிச்சுருவோம், நீங்க வேற எங்கயாவது பாத்துக்கிடலாம். நாளைக்கு அந்தத் தாளை மறுபடி ஒப்புப் பாக்கணும்லா? நல்லாப் பாரு. கண்ணு சொல்லுததுதான் சட்டமாமே, அமலன் சொன்னான்.”

எலுமிச்சம்பழத்தை என் தாள்மேல் வைத்துவிட்டுப் போனார்.

அன்று முழுக்க நான் யோசித்தேன் என்று சொன்னால் நம்பாதீர்கள், யோசிக்கவில்லை. ஓடு பிரித்த வீட்டையும் சாமான்களோடு தெருவில் நிற்கிற எங்கள் இரண்டு பேரையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று ஒரு தடவை தோன்றியது. ஸ்டேஷனில் என்ன சொல்வது, என் வாய் சாட்சி என்றா, அந்த ஸ்டேஷனில் பாதிப்பேருக்கு அண்ணாச்சி வீட்டு விருந்து ருசி தெரியும்.

மறுநாள் தாள் வந்தது. என் பேர் முப்பத்தேழாவது பக்கத்தில் இருந்தது. ஸ்கேலை வைத்து, மேலே பெரிசு, கீழே சின்னது, முதல் எழுத்து ஒத்தது, இரண்டாவது ஒத்தது, எனக்குக் கோலம்தானே, பதினான்கு கோலமும் ஒத்தது, ஒரு தடவைக்கு மூன்று தடவை பார்த்தேன், நான் கண்ணால் பார்த்த எந்த ஜோடியும் அவ்வளவு சுத்தமாக ஒத்தது கிடையாது. ஓரத்தில் ஒன்று என்று போட்டேன். பேனாவை அழுத்தி, தாள் கிழிகிற மாதிரி.

அமலன் சார் தாளைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அக்கா, இது நல்லாப் பாத்தீங்களா?”

“பாத்தேன் சார். வேற வேறதான்.”

“மூணு வருசத்துல நீங்க ஒரு தப்புப் போட்டதில்ல.”

“இதுவும் தப்பில்ல சார்.”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கும் அந்தப் படிதான் ஏறி இறங்குகிற படி. விலக்குப் பட்டியலில் எங்கள் இரண்டு பேரையும் எழுதினார், அதைச் செய்கிறபோது தட்டச்சுச் சத்தம் கொஞ்ச நேரம்தான் கேட்டது. அமலன் சார் செய்த அந்த அடுப்பை இப்போது எத்தனையோ ஊர்களுக்குக் கொண்டுபோய்விட்டார்களாம், பஸ் டிக்கெட் மெஷினிலும் ஆஸ்பத்திரி மெஷினிலும் இருக்கிறதாம், எந்த ஊரில் எந்த மெஷினில் கேட்டாலும் நானும் அவளும் வேறு வேறு என்றுதான் சொல்லும்.

அன்று பன்னிரண்டரைக்குத் தூக்குச்சட்டியைத் திறந்தேன். சோறு சோறாக இருந்தது, கத்திரிக்காய் கத்திரிக்காயாக இருந்தது, அடியிலிருந்து எதுவும் ஏறி வரவில்லை. மடியில் ஒரு துண்டுக் கருப்பட்டி மிட்டாய் மிச்சம் இருந்தது, வாங்கி வைத்தது வீணாகக் கூடாது என்று வாயில் போட்டேன், அது எனக்கு மட்டும் இனித்தது. துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்தேன். அண்ணாச்சி போன வாரம் ஆள் அனுப்பி எங்கள் வீட்டு ஓடுகளையெல்லாம் மாற்றிக் கொடுத்தார், இந்த மழைக்கு ஒரு சொட்டு ஒழுகவில்லை, நான் தினமும் பன்னிரண்டு மணிக்கே சாப்பிட்டு முடித்து, பன்னிரண்டரைக்கு வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்துகொள்கிறேன்.